யார் கொண்டுவந்த சொறி

மூன்றாவது தடவையாகச் சொறி தலைகாட்டியபோது உசேன் கையிலிருந்த லோஷன் புட்டியைத் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். எழுந்தால் யாரையாவது அடித்துவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

ஊருக்கு வெளியே இருந்த அந்தச் சிறையில் வயதான கைதிகளுக்கென்று ஒரு தனி பிளாக். முட்டி வலிக்காரர்கள், சர்க்கரைக்காரர்கள், கண் சரியாகத் தெரியாதவர்கள் எல்லாரையும் ஒரே நீளக் கூடத்தில் பாய் பாயாகப் படுக்க வைத்திருந்தார்கள். உசேனும் ஒரு கைதிதான். முல்லா வீதியில் மெத்தைக் கடை வைத்திருந்தவர். பக்கத்துக் கடைக்காரரோடு நடந்த ஒரு சண்டையில் இரும்புத் தடியை எடுத்து ஓங்கிவிட்டார். அந்த மனிதர் பிழைக்கவில்லை. ஆயுள் தண்டனை. உள்ளே வந்து பல வருஷம் ஆனபின், கை சுத்தமான ஆள், நாலு எழுத்துப் படித்த ஆள் என்று அவரைச் சிறை மருத்துவருக்கு உதவியாளாகப் போட்டிருந்தார்கள். வேளாவேளைக்கு மாத்திரை கொடுப்பது, நடக்க முடியாதவர்களைக் கழிவறைக்குக் கூட்டிப்போவது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது எல்லாம் அவர் வேலை.

ஐப்பசி மழை தொடங்கியபோது முதலில் சொறிந்தவர் பாவாடை. மில் மூடியபின் கிடைத்த வேலையெல்லாம் பார்த்தவர். மகளை அடித்துத் துன்புறுத்திய மருமகனை வெட்டிவிட்டு, தானே காவல் நிலையத்துக்கு நடந்து போனவர். அவர் எதையும் சத்தமாகத்தான் செய்வார். சாப்பிடுவது, இருமுவது, சொறிவது எல்லாமே சத்தம்தான். முதுகு எட்டாதபோது தூணில் தேய்த்துக்கொண்டு முனகுவார். கொஞ்சநாள் முன்பு கண்புரை ஆபரேஷனுக்காக அவரை வெளி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தார்கள். அது போதாதா? அங்கிருந்துதான் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்று கூடத்தில் எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். அவர் பாயைக் கழிவறைச் சுவரோரம் தள்ளினார்கள். சாப்பாட்டு வரிசையில் அவருக்குப் பின்னால் நிற்க ஆளில்லை. வார்டர் ஆதிமூலம் அவரைச் சொறிப் பாவாடை என்றே கூப்பிட ஆரம்பித்தார். பாவாடையின் மனைவி கன்னியம்மாள் மனு போட்டுப் பார்க்க வந்த அன்று, உன் புருஷன்தான் பிளாக்குக்கே பரப்பிவிட்டான் என்று அவளிடமே சொல்லி அனுப்பினார்.

மருத்துவர் செம்மல் சின்ன வயசுக்காரர். வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். மொத்தச் சிறையும் அவருக்காக வரிசையில் நிற்கும். அவர் சொன்னது சுலபமாகத்தான் இருந்தது. இது சிரங்குப் பூச்சி. ஒருத்தர் விடாமல், ஒரே நாளில், கழுத்திலிருந்து கால் விரல் இடுக்கு வரை லோஷன் பூச வேண்டும். மறுநாள் குளிக்க வேண்டும். துணி, போர்வை எல்லாவற்றையும் கொதிக்கும் நீரில் போட்டு வெயிலில் காயவைக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு தடவை.

முதல் தடவை வந்த லோஷன் பாதிப் பேருக்குத்தான் போதுமானதாக இருந்தது. மீதிப் பேருக்கு அடுத்த வாரம் என்றார்கள். அந்த ஒரு வாரத்தில் பூசியவர்களுக்கும் திரும்பிவிட்டது. இரண்டாவது தடவை லோஷன் போதிய அளவு வந்தது, வெந்நீர் வரவில்லை. சோறு வடிக்கிற அண்டாவில் சொறிக்காரன் போர்வையைப் போட விடமாட்டோம் என்று சமையல் கொட்டடியில் மறுத்துவிட்டார்கள். பச்சைத் தண்ணீரில் அலசிய போர்வைகளைக் காயவைக்க வெயில் இல்லை. கடல் பக்கமிருந்து மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஈரப் போர்வையை எத்தனை நாள் கொடியில் விடுவது? பெரியவர்கள் குளிரில் நடுங்கினார்கள். அரைகுறையாகக் காய்ந்ததையே எடுத்துப் போர்த்திக்கொண்டார்கள். உசேன் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கும் சமையல் கொட்டடிக்குமாக நடந்து நடந்து அலுத்துப்போனார். யாரைக் கேட்டாலும் இன்னொருவரைக் கை காட்டினார்கள்.

இதற்கு நடுவில்தான் உத்தரவு வந்தது. சொறி முழுதாக அடங்கும்வரை அந்த பிளாக்கிலிருந்து யாரும் சிறைக்கு வெளியே போகக் கூடாது. மனு போட்டுப் பார்க்க வருவது கிடையாது, பரோல் கிடையாது.

உசேனுக்குப் பரோல் அனுமதி ஏற்கெனவே கிடைத்திருந்தது. மகள் ஃபரீஹாவுக்குக் கார்த்திகையில் நிக்காஹ். பெண்ணுக்குத் தகப்பன் என்ற முறையில் வலியாக, அதாவது பெண் தரப்புப் பொறுப்பாளராக, அவர்தான் சபையில் உட்கார்ந்து சம்மதம் சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் உள்ளே இருந்து அந்தப் பெண்ணுக்கு அவர் ஒன்றும் செய்ததில்லை. இதையாவது செய்துவிடலாம் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தார்.

சிறைத் தொலைபேசியில் மனைவி ஷாஜாதியிடம் நிலைமையைச் சொன்னார். தேதியைக் கொஞ்சம் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டார். மாப்பிள்ளை துபாய்க்குத் திரும்பிப் போக வேண்டும், லீவு நீட்டிக்க மாட்டார்கள், மண்டபத்துக்கும் சொல்லியாகிவிட்டது என்றாள் ஷாஜாதி. பிறகு கேட்டாள்.

"ஒரு சொறிக்கு மருந்து இல்லையாங்க இந்த ஊர்ல?"

"மருந்து இருக்குது. பூச விடமாட்றானுங்க."

"அப்ப நீங்களே புடிச்சி பூசுங்க," என்றாள் அவள். நேரம் முடிந்து இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அடங்கியிருந்த சொறி மூன்றாவது தடவையாக விரலிடுக்கில் சிவப்புப் பொட்டுகளாகத் தலைகாட்டியபோது உசேன் முடிவு செய்துவிட்டார். இனி யார் கையிலும் புட்டியைக் கொடுப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் தன் கையாலேயே பூசுவது. நல்லவேளையாக அன்று வானம் வெளுத்திருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் எல்லாரையும் இடுப்புத் துண்டோடு தண்ணீர்த் தொட்டி பக்கம் வரிசையாக நிறுத்தினார். முதுகு, அக்குள், தொப்புள், நகத்தின் அடி என்று ஒவ்வோர் இடமாகத் தேய்த்தார். கூச்சப்பட்டவர்களை அதட்டினார். பாவாடைக்குப் பூசும்போதுதான் அவர் சொறிந்த இடமெல்லாம் சீழ் வைத்திருப்பதைப் பார்த்தார். கணுக்கால்கள் வீங்கிப் பளபளத்தன. சொறியாதிருக்க அவருடைய இரண்டு கைகளையும் பழைய துணியால் உறைபோலச் சுற்றிக் கட்டினார். "இன்னா பாய், குத்துச்சண்டைக்கு அனுப்புறியா," என்றார் பாவாடை. அவர் உடம்பு அனலாய்க் கொதித்தது.

வரிசையில் ஒருவர் மட்டும் இல்லை. தெய்வசிகாமணி.

பிளாக்கிலேயே மூத்தவர் அவர்தான். நகரத்தில் ஒரு நொத்தேரிடம், அதாவது பிரெஞ்சு முறைப்படி பத்திரங்களை உறுதிசெய்பவரிடம், குமாஸ்தாவாக இருந்தவர். பத்திரம், உயில் எழுதிப் பழகிய கை. பிரான்சில் குடியேறிவிட்ட ஒரு குடும்பத்தின் வீட்டுக்குப் போலி உயில் தயாரித்த வழக்கில் உள்ளே வந்தவர். மருத்துவரை இன்னும் பிரெஞ்சில் 'தொக்தேர்' என்றுதான் சொல்வார். மற்ற கைதிகளோடு ஒட்டமாட்டார். எந்நேரமும் குளிர்கிறது என்று முழுக்கைச் சட்டை, அதன்மேல் கம்பளித் துண்டு. லோஷனை நானே பூசிக்கொள்கிறேன் என்று முந்தைய இரண்டு தடவையும் புட்டியை வாங்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். வயசானவர், கௌரவம் பார்க்கிறவர் என்று உசேனும் விட்டுவிட்டார்.

இப்போதும் குளியலறை வாசலில் நின்றுகொண்டு கையை நீட்டினார்.

"குடுங்க பாய். நான் பூசிக்கிறேன்."

"ரெண்டு தடவை நீங்களே பூசிக்கினீங்க. போதும். சட்டையக் கழட்டுங்க."

"எனக்குச் சொறியே கிடையாது. நான் சொறிஞ்சி நீங்க பாத்திருக்கீங்களா?"

அது உண்மைதான். அவர் சொறிந்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் உசேனுக்கு அன்று உண்மையெல்லாம் கேட்கிற பொறுமை இல்லை. மகளின் நிக்காஹ், அண்டாவுக்குச் சண்டை போட்டது, காயாத போர்வைகள், மற்ற கிழவர்கள் குறுகிக் குறுகி நின்றது எல்லாம் சேர்ந்து மண்டைக்கு ஏறியது. உள்ளே நுழைந்து காலரைப் பிடித்து இழுத்தார். பொத்தான்கள் தெறித்தன. கிழவர் இரண்டு கையாலும் தடுத்துப் பார்த்தார், முடியவில்லை.

தோளிலிருந்து முழங்கைவரை, நெஞ்சின் பக்கவாட்டில், இடுப்பைச் சுற்றி, எங்கும் சாம்பல் நிறத்தில் தடித்த பொருக்கு. காய்ந்த மரப்பட்டைபோல வெடிப்பு வெடிப்பாக இருந்தது. சட்டையை உருவியபோது தவிடு கொட்டுவதுபோலச் செதில்கள் தரையில் உதிர்ந்தன. உசேன் கையை எடுத்துக்கொண்டார்.

தெய்வசிகாமணி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "பாத்துட்டீங்கல்ல. இப்ப நிம்மதியா?"

"என்ன இது?"

"எங்க அம்மாவுக்கு வந்ததுதான். எனக்கு அப்ப எட்டு வயசு. குஷ்டரோகிங்க ஆஸ்பத்திரிக்கு வண்டியில ஏத்திக் கொண்டும்போனாங்க. அதுக்கப்பறம் அவங்க முகத்தப் பாக்க விடல. செத்ததுக்குக்கூட யாரும் கூட்டிம்போல." கிழிந்த சட்டையை எடுத்துப் போர்த்திக்கொள்ள முயன்றார். "எனக்கு இன்னும் கொஞ்ச மாசந்தான் பாய். அது வரைக்கும் இந்த ஜனங்களோட படுத்துக் கெடந்துட்டுப் போயிடுறேன். பாவாடைய என்ன பாடு படுத்துனாங்கன்னு பாத்தீங்கல்ல. சொறிக்கே அப்படின்னா, இதுக்கு?"

உசேனுக்குக் கோபம் போகவில்லை. யார்மேல் கோபப்படுவது என்பதுதான் தெரியாமல் போய்விட்டது. லோஷனை எடுத்து அந்தப் பொருக்கின் மேலேயே பூசிவிட்டார். வேறு சட்டை கொண்டுவந்து கொடுத்தார். சொல்லமாட்டேன் என்றும் சொல்லவில்லை, சொல்வேன் என்றும் சொல்லவில்லை.

அன்று முழுக்கத் தொழுகையில்கூட அவர் மனம் நிற்கவில்லை. குஷ்டம் அப்படி லேசில் ஒட்டாது என்று கேள்விப்பட்டிருந்தார். கிழவர் பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும். சொன்னால் பெரிய கலவரமாகும். தனிமைப்படுத்தலை முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். பரோல் போனதுதான். இந்தத் தடவை எல்லாருக்கும் சரியாகப் பூசியாகிவிட்டது. சொறி அடங்கினால் நிக்காஹுக்குப் போய்விடலாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

மறுநாள் காலையில் பாவாடையை எழுப்ப முடியவில்லை. கண் திறந்திருந்தது, பேச்சு குழறியது. ஸ்ட்ரெச்சர் வர நேரமானது. ஆம்புலன்சுக்குக் காவல் ஆள் ஒதுக்க மேலும் நேரமானது. துணி சுற்றிய கைகளோடு அவரைத் தூக்கிப்போனார்கள். வரிசையில் நின்ற ஒருவர், தொல்லை ஒழிந்தது, இனி சொறி அடங்கிவிடும் என்றார். பக்கத்தில் நின்றவர் ஆமோதித்தார்.

அதைக் கேட்டதும், கிழவர் விஷயத்தையும் இப்படி மூடிவைத்தால் இன்னொருவர் போய்விடுவார் என்று உசேனுக்குப் பட்டது; நேராக மருத்துவர் அறைக்கு நடந்தார். அன்று செம்மல் வருகிற நாள். வரிசையைத் தாண்டி உள்ளே போய், தெய்வசிகாமணியைச் சட்டை இல்லாமல் ஒரு தடவை பார்க்கச் சொன்னார். மருத்துவர் நிமிர்ந்து பார்க்காமலே, அவருக்கு வெறும் தோல் வறட்சிதான், வாசலின் கொடுத்திருக்கிறேன் என்றார். உசேன் மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"சார், நீங்க வந்து பாக்குற வரைக்கும் நான் இங்கேருந்து போகமாட்டேன்."

வார்டர் ஆதிமூலம் அவர் தோளைப் பிடித்து இழுத்தார். உசேன் அசையவில்லை. செம்மல் பேனாவை மூடிவிட்டு எழுந்து வந்தார்.

தெய்வசிகாமணி உசேனை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, தானாகவே பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். செம்மல் வெகுநேரம் பார்த்தார். கையுறை மாட்டிக்கொண்டு, சின்னக் கத்தியால் பொருக்கைக் கொஞ்சம் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் எடுத்துக்கொண்டு போனார். அடுத்த நாள் அவர் வருகிற நாள் இல்லை. இருந்தும் வந்தார்.

"குஷ்டம் இல்ல பெரியவரே. இதுவும் சிரங்குதான். வயசானவங்களுக்கு, உடம்புல எதிர்ப்புச் சக்தி கொறஞ்சவங்களுக்கு இப்படிப் பொருக்குக் கட்டும். அரிக்கவே அரிக்காது. மத்தவங்க ஒடம்புல பத்துப் பூச்சி இருந்தா உங்க ஒடம்புல ஆயிரக்கணக்குல இருக்கும். நீங்க உக்காந்த எடம், படுத்த பாய், உதுந்த செதில் எல்லாத்துலருந்தும் பரவிக்கிட்டே இருந்திருக்கு."

குஷ்டம் இல்லை என்ற சொல்லுக்கு அப்புறம் தெய்வசிகாமணி எதையும் கேட்டமாதிரி தெரியவில்லை. கொஞ்சம் பொறுத்துத்தான் மிச்சம் அவருக்கு உறைத்தது.

"அப்ப பாவாடை இல்லையா?"

"அவருக்கு உங்ககிட்டேருந்து வந்திருக்கும்."

"வருஷத்துக்கு மேல உங்ககிட்ட வந்துக்கிட்டிருக்கேன் தொக்தேர். ஒரு நாள்கூட நீங்க சட்டையக் கழட்டச் சொல்லலியே."

மருத்துவர் எழுதிக்கொண்டிருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. அதுதான் உசேனுக்கு மேலும் எரிச்சலாக இருந்தது. இத்தனை நாள் இல்லாத அண்டா ஒரே நாளில் கிடைத்தது. புதுப் போர்வைகள் வந்தன. லோஷனோடு மாத்திரைகளும் வந்தன. வார்டர்களுக்கும் பரிசோதனை என்றபோது ஆதிமூலத்தின் இடுப்பிலும் சொறி இருந்தது. கடைக் களிம்பு வாங்கிப் பூசிக்கொண்டு, வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டு, வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். தெய்வசிகாமணியை ஆஸ்பத்திரியில் தனி அறைக்குக் கொண்டுபோனார்கள். தனிமைப்படுத்தல் முதலிலிருந்து தொடங்கியது.

பாவாடை திரும்பி வரவில்லை. சொறிப்புண் வழியாகக் கிருமி ரத்தத்தில் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது என்று செம்மல் சொன்னார். கூடத்தில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. தொல்லை ஒழிந்தது என்று சொன்னவர் கழிவறைச் சுவரோரம் இருந்த பாயை எடுத்துப் பழைய இடத்தில் விரித்துப் போட்டார். உசேன் அதைப் பார்த்து, இப்ப எதுக்கு என்று கேட்டு, சுருட்டி எரிக்கக் கொடுத்துவிட்டார். எல்லாப் பாயையும் எரிக்க வேண்டும் என்பது மருத்துவர் உத்தரவு.

ஃபரீஹாவின் நிக்காஹ் அவர் இல்லாமல் நடந்தது. உசேனின் தம்பி வலியாக உட்கார்ந்தார். ஷாஜாதி தொலைபேசியில் விவரம் சொன்னாள். பெண் அழுததா என்று கேட்டார். அழவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது என்றாள்.

பிளாக்கில் சொறி அடங்கி, தடை நீங்கி, பரோல் கிடைத்தபோது தை பிறந்துவிட்டது. மாப்பிள்ளை துபாய்க்குப் போய்விட்டார். ஃபரீஹா தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். உசேன் வாசலிலேயே நின்று, குளித்துவிட்டு வருகிறேன் என்றார். "பரவால்ல அத்தா, உள்ள வாங்க," என்று அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். கல்யாணப் படங்களைப் போனில் ஒவ்வொன்றாகக் காட்டினாள். அவர் தம்பி வலியாக உட்கார்ந்திருந்த படம் வந்தபோது விரலால் வேகமாகத் தள்ளிவிட்டாள்.

மறுநாள் காலையில் உசேன் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று ஷாஜாதி கேட்டாள். உழவர்கரைக்கு, பாவாடை வீட்டுக்கு என்றார்.

"இருக்கப்போறதே மூணு நாளு. அதுல முன்னப்பின்ன தெரியாத வீட்டுக்குப் போறீங்களா?"

"போயிட்டு வந்துடுறேன்."

"பொண்ணு கல்யாணத்துக்கு வரமுடியல. செத்தவரு வீட்டுக்கு மட்டும் வழி தெரியுது," என்றாள் ஷாஜாதி. அதற்கு மேல் தடுக்கவில்லை.

கன்னியம்மாள் காலனியின் கடைசித் தெருவில் மகளோடு இருந்தாள். உசேன் தான் யாரென்று சொன்னார். அவள் நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டு, தான் நின்றுகொண்டே இருந்தாள். அவர் வரும்வழியில் யோசித்து வைத்திருந்ததைச் சொல்லி முடித்தார். சொறியைக் கொண்டுவந்தது பாவாடை இல்லை; வேறு ஒருவரிடமிருந்துதான் அவருக்கு வந்தது; மருத்துவரே அதைச் சொன்னார்; இப்போது பிளாக்கில் எல்லாருக்கும் தெரியும்.

அவள் முகத்தில் ஆறுதல் எதுவும் தெரியவில்லை.

"இத இங்க வந்து எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? எம் புருஷன் சுத்தமான ஆளுன்னு எனக்குத் தெரியாதா? அங்க, அவர ஒதுக்கி வெச்சாங்களே, அப்ப சொல்லியிருக்கணும். அந்த வார்டர் எம் மூஞ்சிக்கு நேரா சொன்னானே, அவங்கிட்ட சொல்லியிருக்கணும்."

"அப்ப எனக்கே தெரியாதும்மா."

"தெரியாதுன்னா ஏன் அவருதான்னு சொன்னீங்க?"

நான் சொல்லவில்லை என்று உசேன் சொல்லியிருக்கலாம். ஆனால் பாயைத் தள்ளியபோது அவர் தடுக்கவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் உள்ளேயிருந்து டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அதைக் குடிக்கலாமா என்று அவருக்குத் தெரியவில்லை. ஆறிப்போவதற்குள் குடியுங்கள் என்று கன்னியம்மாளே சொன்னாள். குடித்தார்.

கிளம்பும்போது அவள் தெருவரை கூடவே வந்தாள். ஒரு விஷயம் கேட்கவேண்டும் என்றாள்.

"பொணத்தக் குடுக்கும்போது ரெண்டு கையிலயும் துணி சுத்தியிருந்தது. கட்டி வெச்சி அடிச்சாங்களா?"

"இல்லம்மா. நான்தான் சுத்துனேன். சொறிஞ்சா புண்ணு பெருசாவுதுன்னு."

"நீங்களா?"

"ஆமா."

அவள் அவர் கைகளைப் பார்த்தாள். "ஏதாச்சும் சொன்னாரா அப்ப?"

"குத்துச்சண்டைக்கு அனுப்புறியான்னு கேட்டாரு."

கன்னியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று உசேனுக்குப் பிடிபடவில்லை. "அவரு அப்படித்தான் பேசுவாரு," என்றாள். வில்லியனூர் சாலைக்குப் போக எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்று கையைக் காட்டிச் சொல்லிவிட்டு, வீட்டுக்குள் போனாள்.